வீடு மாற்றும் நிறுவனங்கள் விலை சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாற்றும் நிறுவனத்தில் வாங்கிய கொட்டேஷனைக் காட்டி, "இது நியாயமான விலையா, தலையில மிளகாய் அரைக்கிறாங்களா?" என்று கேட்பவர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பலவானாலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கம்பெனிக்காரர் பார்க்காத சாமானுக்கும், அவரிடம் சொல்லாத படிக்கட்டுக்கும், தாளில் ஏறாத வாக்குறுதிக்கும் கடைசியில் பணம் கட்டப்போவது நாம்தான்.

1. எதை வெச்சுத்தான் விலை சொல்றாங்க? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ற மாதிரி இருக்கே?

அடிப்படையில் நான்கு விஷயங்கள். எவ்வளவு சாமான், அதை ஏற்றி இறக்க எத்தனை ஆள் எத்தனை மணி நேரம் வேண்டும், வண்டி எவ்வளவு தூரம் போக வேண்டும், இரண்டு வீட்டு வாசலிலும் வேலை சுலபமா கஷ்டமா. இவற்றின் மேல் பேக்கிங், கழற்றி மாட்டுதல், காப்பீடு, வரி எல்லாம் ஏறும். நாளைப் பொறுத்தும் விலை மாறும். அதை 12-ல் சொல்கிறேன்.

அனுபவமுள்ளவர் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு விலையைச் சொல்லும்போது வாய்க்கு வந்ததைச் சொல்வதுபோலத்தான் தெரியும். ஆனால் அவர் மனதில் ஓடுவது இந்தக் கணக்கு. அதில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று கேட்டால், ஒழுங்கான நிறுவனம் பிரித்துச் சொல்லும்.

2. பக்கத்துத் தெருவுக்குத்தான் போறோம். தூரமே இல்லையே, அதுக்கு ஏன் இவ்வளவு?

ஊருக்குள் மாறும்போது செலவில் பெரும்பங்கு ஆள்கூலிதான், டீசல் அல்ல. பக்கத்துத் தெருவானாலும் பக்கத்து ஊரானாலும் பீரோவைக் காலி செய்து, சுற்றி, படியில் இறக்கி, வண்டியில் கட்டி, மறுபடி ஏற்றும் வேலை ஒன்றுதான். வண்டி ஓடுவது பத்து நிமிஷம் என்றாலும், ஆட்களுக்கும் வண்டிக்கும் அன்றைய நாள் அதிலேயே போய்விடும். உங்கள் வேலை மதியத்துக்கு மேல் முடிந்தால் இன்னொரு வீட்டை அன்றைக்கு எடுக்க முடியாது.

நெடுந்தூரம் போனால் கணக்கு தலைகீழாகும். அங்கே எரிபொருள், ஓட்டுநரின் நாட்கள், சுங்கம், வண்டி காலியாகத் திரும்பி வரும் செலவு ஆகியவை ஆள்கூலியைத் தாண்டிவிடும்.

3. 'உங்க சாமான் எத்தனை கன அடி?'ன்னு கேக்குறாங்க. எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரத்தை அடிக் கணக்கில் அளந்து மூன்றையும் பெருக்கினால் கன அடி. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோ சுமார் 29 கன அடி. ஐந்தரை அடி உயரத்தில், இரண்டரை அடி அகலமும் ஆழமும் உள்ள குளிர்சாதனப் பெட்டி 34. மூன்று பேர் உட்காரும் சோபா (6.5×3×3) 58-க்கு மேல். வாஷிங் மெஷின் 12. ஆறுக்கு ஐந்து அடி, அரையடி கனமுள்ள மெத்தை 15. 18×18×16 அங்குல அட்டைப்பெட்டி சரியாக 3 கன அடி. அப்படி இருபது பெட்டி என்றால் 60. இதுவரை கூட்டினாலே 209 வந்துவிட்டது. சமையலறையையும் கட்டிலையும் இன்னும் தொடவில்லை.

இப்போது வண்டியைப் பாருங்கள். உள்ளே 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் என்றால் 504 கன அடி. ஆனால் சோபாவின் மேல் பீரோவை வைக்க முடியாது, நாற்காலிக் கால்களுக்கு நடுவில் காற்றுதான் இருக்கும். அதனால் முழு 504-ம் நிரம்பாது. கணக்குப் போடுபவர்கள் இந்த இடைவெளிக்கும் சேர்த்துத்தான் வண்டியின் அளவை முடிவு செய்வார்கள். நீங்கள் துல்லியமாக அளக்க வேண்டியதில்லை. பெரிய பொருட்களை மட்டும் அளந்து வைத்தால், அவர் சொல்லும் கணக்கு ஊதிப் பெருத்ததா இல்லையா என்பது உங்களுக்கே பிடிபடும்.

கன மீட்டரில் சொன்னால் பயப்பட வேண்டாம்: 1 கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி.

4. இன்னொரு கம்பெனி எடை வெச்சுக் கணக்கு போடுது. எது சரி?

இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். நெடுந்தூர வேலைகளில் எடைக்கு விலை சொல்பவர்கள் வண்டியைக் காலியாக ஒரு தடவை, சாமானோடு ஒரு தடவை எடைமேடையில் ஏற்றி வித்தியாசத்தை எடுப்பார்கள். முன்கூட்டியே மதிப்பிட, வீட்டுச் சாமானுக்குக் கன அடிக்கு 7 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3.2 கிலோ என்று வைத்துக்கொள்வது அமெரிக்கத் துறையில் பழகிய கணக்கு. அதன்படி 200 கன அடி சாமான் சுமார் 635 கிலோ.

இந்தச் சராசரி உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. புத்தகங்கள் அதிகமுள்ள வீடு எடைக் கணக்கில் அடி வாங்கும்: ஒன்றரை கன அடிப் பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் 18 கிலோவை எட்டிவிடும், சராசரிக் கணக்கு அதே பெட்டிக்கு 5 கிலோதான் சொல்லும். மெத்தை, பிரம்பு நாற்காலி, விளையாட்டுச் சாமான் என்று இடத்தை அடைக்கும் லேசான பொருட்கள் அதிகமிருந்தால் எடைக் கணக்கு உங்களுக்கு லாபம். எடைக்கு ஒப்புக்கொண்டால் இரண்டு எடைச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எடை போடும்போது கூட இருக்கலாமா என்றும் கேளுங்கள்.

5. போன்லயே ரூம் எத்தனைன்னு கேட்டுட்டு டக்குனு விலை சொல்லிட்டாங்க. அது போதாதா?

போதாது. 'இரண்டு படுக்கையறை வீடு' என்ற ஒரே பெயரில் பத்துப் பெட்டிச் சாமானும் இருக்கும், நூறு பெட்டிச் சாமானும் இருக்கும். அறை எண்ணிக்கையை வைத்துச் சொன்ன விலை, ஆளைப் பிடித்து வைக்கச் சொன்ன விலைதான். வண்டி வந்து நின்றபின் "இவ்வளவு சாமான் இருக்கும்னு சொல்லலியே" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அப்போது அவர் பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கும், ஏனென்றால் அவர் பார்க்கவே இல்லை.

நேரில் வந்து பார்ப்பது நல்லது. முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் காட்டலாம். ஒற்றை அறைச் சாமான் என்றால் பட்டியலும் புகைப்படங்களும் போதும்.

6. சர்வேக்கு ஆள் வரும்போது எல்லாத்தையும் காட்டினா விலை ஏறிடாதா? கொஞ்சம் மறைச்சுக் காட்டலாமா?

தயவுசெய்து மறைக்காதீர்கள். மறைத்ததால் குறைந்த தொகை, அன்றைக்குக் கூடுதல் கட்டணமாகவோ, வண்டியில் இடமில்லாமல் இரண்டாவது நடையாகவோ திரும்பி வரும். பேரம் பேச உங்கள் கையில் எதுவுமே இல்லாத நேரத்தில் வரும் என்பதுதான் கொடுமை.

வழக்கமாக விட்டுப்போவது இவை: பரண்மேல் இருப்பவை, கட்டிலின் அடியறைகளில் அடைத்தவை, பால்கனித் தொட்டிகள், மொட்டைமாடியில் போட்ட பழைய மேசை, சைக்கிள், வண்டி நிறுத்தும் இடத்தில் உள்ள இரும்பு ஸ்டாண்டு. பீரோக் கதவுகளைத் திறந்து காட்டுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதை அவர் ஊகிக்கத்தான் முடியும். கூடவே, எது வரப்போவதில்லை என்பதையும் சொல்லுங்கள். தூக்கிப்போடவோ யாருக்காவது கொடுக்கவோ முடிவு செய்ததற்கு விலை போட்டுவிடுவார்கள். சர்வே செய்ய வருபவர் கண்ணைச் சுழற்றிவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்பினால், அந்த நிறுவனத்தின் விலையை நான் நம்பமாட்டேன்.

7. மூணு கம்பெனியைக் கேட்டேன். ஒருத்தர் சொன்னதுல பாதிதான் இன்னொருத்தர் சொல்றார். யார் ஏமாத்துறாங்க?

ஏமாற்று என்று முடிவு கட்டுமுன், மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இல்லை. ஒருவர் பேக்கிங்கைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் ஏற்றி இறக்குவதை மட்டும் சொல்லியிருப்பார். ஒருவர் நான்கு ஆள், இன்னொருவர் இரண்டு. ஒருவர் வரியோடு, இன்னொருவர் வரி இல்லாமல். ஒருவருடையது தனி வண்டி, இன்னொருவருடையது பலர் சாமானோடு சேர்ந்து போகும் வண்டி.

இதற்கு நான் சொல்லும் வழி, சாமான் பட்டியலை நீங்களே ஒருமுறை எழுதுவது. பெரிய பொருட்கள் ஒவ்வொன்றும், பெட்டிகள் உத்தேசமாக எத்தனை, இரண்டு வீட்டின் மாடி எண், லிஃப்ட் உண்டா, வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும், பேக்கிங் யார், எதைக் கழற்ற வேண்டும், தேதி. அதே தாளை மூவருக்கும் கொடுத்து அதற்கே விலை கேளுங்கள். இடைவெளி சட்டென்று சுருங்கும். அதன் பிறகும் ஒருவர் மட்டும் மிகக் குறைவாக நின்றால், "இதுல எதைச் சேர்க்கலை?" என்று நேராகக் கேளுங்கள். திரும்பும் வண்டி காலியாக இருக்கிறது, அன்றைக்கு வேறு வேலை இல்லை என்று தெளிவான காரணம் சொன்னால் சரி. "நீங்க கவலையே படாதீங்க, நாங்க பாத்துக்குறோம்" என்றால் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

8. 'எஸ்டிமேட்'னு ஒரு தாள் குடுத்தாங்க. கடைசியில அதே தொகைதானே வாங்குவாங்க?

உறுதி இல்லை. தாளின் தலைப்பை விட, அதில் உள்ள வாசகம் முக்கியம். உத்தேச மதிப்பு என்றால் உண்மையான எடை, அளவு, நேரத்துக்கு ஏற்பக் கூடலாம், குறையலாம். உறுதி விலை என்றால், பட்டியலில் உள்ள சாமானுக்கும் எழுதிய வேலைக்கும் அதே தொகைதான். பட்டியலுக்கு வெளியே ஒரு பொருள் கூடினாலும் விலையைத் திருத்தும் உரிமை அவர்களுக்கு வரும். மூன்றாவது வகை உச்சவரம்பு விலை: உண்மைக் கணக்கு குறைந்தால் குறைவாகக் கட்டுவீர்கள், கூடினாலும் அந்த எல்லையைத் தாண்டாது. கிடைத்தால் இதுதான் நமக்கு நல்லது.

எந்த வகையானாலும் "எந்தெந்தக் காரணத்துக்காக இந்தத் தொகை மாறலாம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உறுதி விலையின் வலுவெல்லாம் அதோடு இணைத்த சாமான் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியல் இல்லாத உறுதி விலை, உத்தேச மதிப்பேதான்.

9. மணிக்கு இவ்வளவுன்னு பேசறதா, மொத்தமாப் பேசறதா?

சாமான் குறைவு, தூரம் குறைவு, எல்லாம் பெட்டியில் கட்டித் தயாராக இருக்கிறது என்றால் மணிக்கணக்கு லாபம். சாமான் அதிகம், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், போக்குவரத்து நெரிசல் என்றால் மொத்த விலை. மணிக்கணக்கில் தாமதத்தின் சுமை உங்கள் தலையில், மொத்த விலையில் அவர்கள் தலையில்.

மணிக்கணக்குக்கு ஒப்புக்கொள்ளுமுன் கடிகாரம் எங்கே ஓடத் தொடங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் வாசலிலா, அவர்கள் கிடங்கிலிருந்து கிளம்பும்போதா? திரும்பிப் போகும் நேரமும் சேருமா? குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம்? பத்து நிமிஷம் கூடினால் அரைமணிக்கு வாங்குவார்களா, முழு மணிக்கா? ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டு ஆள் எட்டு மணி நேரம் செய்தால் 16 ஆள்மணி. அதே வேலையை மூன்று ஆள் ஐந்து மணியில் முடித்தால் 15. தலைக்கு மணிக்கு இவ்வளவு என்பவரிடம் மூன்று ஆள் என்றதும் செலவு கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம். கனமான பொருட்கள் இருக்கும் வீட்டில் மூன்றாவது ஆள் தன் கூலியைத் தானே ஈட்டிவிடுவார்.

10. மாடிக்கு, லிஃப்டுக்கு, வண்டி நிக்கிற இடத்துக்குக்கூடக் காசா?

ஆமாம், இவையெல்லாம் நேரத்தைத் தின்பவை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். லிஃப்ட் இருந்தாலும் பீரோ உள்ளே போகாது என்றால் பயனில்லை. லிஃப்ட் கதவின் அகலத்தையும் உள்ளுயரத்தையும் அளந்து சொல்லுங்கள். வண்டி வாசல்வரை வராவிட்டால் தூரத்துக்கு ஏற்பச் சுமக்கும் கூலி கூடும். சந்துக்குள் பெரிய லாரி நுழையாது என்றால் சின்ன வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். அதற்குத் தனி வண்டி, தனிக்கூலி, இன்னொரு முறை ஏற்றி இறக்கும் சேத அபாயம்.

பலர் பழைய வீட்டை மட்டும் காட்டிவிட்டுப் புது வீட்டை மறந்துவிடுகிறார்கள். பாதித் தகராறு அங்கேதான். படிக்கட்டின் திருப்பம், வாசற்கதவு, தெரு மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். குடியிருப்பில் இந்த நேரத்துக்குள்தான் சாமான் ஏற்றலாம், இன்ன லிஃப்டைத்தான் பயன்படுத்தலாம் என்ற விதிகள் இருந்தால் அவையும் விலையை மாற்றும்.

11. பேக்கிங்கை நானே பண்ணிட்டா எவ்வளவு மிச்சமாகும்?

பேக்கிங் கூலியும் பொருள் செலவும் மிச்சமாகும், ஏற்றி இறக்கும் கூலி அப்படியேதான் இருக்கும். இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, நீங்கள் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல நிறுவனங்கள் பொறுப்பேற்காது. பெட்டி வெளியே நசுங்கியிருந்தால் மட்டும் பேசுவார்கள். இரண்டாவது, வண்டி வந்தபோது பாதிதான் கட்டியிருந்தால் மீதியை அவர்கள் கட்டுவார்கள், அன்றைய அவசர விலையில்.

நான் சொல்வது நடுவழி. துணி, புத்தகம், படுக்கை விரிப்பு, விளையாட்டுச் சாமான் உங்கள் வேலை. கண்ணாடி, பீங்கான், டிவி, சமையலறையில் உடையக்கூடியவை அவர்கள் வேலை. புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் மட்டும் அடுக்குங்கள். பெரிய பெட்டியில் அடுக்கினால் அடி கிழியும். கொட்டேஷனில் 'பேக்கிங் உட்பட' என்றிருந்தால், எத்தனை பெட்டி, பபிள் ராப் எதற்கெல்லாம், புது வீட்டில் பிரித்து வைப்பதும் குப்பையை எடுத்துப்போவதும் சேருமா என்று கேட்டுவிடுங்கள். பிரித்து வைப்பது பெரும்பாலும் தனி.

12. எந்த நாள்ல மாறினா விலை குறையும்?

வாரநாள், மாத நடுப்பகுதி. வாடகை ஒப்பந்தங்கள் மாதக் கடைசியில் முடிவதால் கடைசி நாட்களிலும் முதல் நாட்களிலும் எல்லோரும் ஒரே வண்டியைத் தேடுவார்கள். வார இறுதியும், பள்ளி நீள்விடுமுறைக் காலமும் அப்படித்தான். தேதியில் இரண்டு மூன்று நாள் முன்பின்னாக இருக்க முடியும் என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். பேரத்தில் உங்களிடமுள்ள மிக வலுவான சீட்டு அதுதான்.

13. கட்டில் கழட்டி மாட்டுறது, ஏசி கழட்டுறதெல்லாம் சேர்ந்ததுதானே?

கட்டில், மேசை போன்றவற்றைக் கழற்றுவதைப் பலர் சேர்த்துக்கொள்வார்கள், திரும்ப மாட்டுவதைச் சேர்க்காமல் விடுவார்கள். ஏசி, சுவரில் பொருத்திய டிவி, தண்ணீர் சுத்திகரிப்பான், எரிவாயு இணைப்பு ஆகியவை தனித்தொழிலாளி வேலை. 'கழற்ற', 'மாட்ட' என்று இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

14. 'ரிட்டர்ன் லோடு', 'ஷேரிங்'னு பாதி விலை சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம், நிபந்தனைகளைப் புரிந்துகொண்டால். 2-ல் சொன்னபடி நெடுந்தூர விலைக்குள் வண்டி காலியாகத் திரும்பும் செலவும் ஒளிந்திருக்கிறது. திரும்பும் வண்டியில் உங்கள் சாமானை ஏற்றினால் அந்தச் செலவை முன்னால் போனவரும் நீங்களும் பகிர்ந்துகொள்கிறீர்கள். பங்கு வண்டியிலும் அப்படித்தான், நீங்கள் அடைக்கும் இடத்துக்கு மட்டும் பணம்.

இதற்கு நீங்கள் கொடுப்பது நேரம். இன்ன நாளில் வந்து சேரும் என்று சொல்லமாட்டார்கள், இத்தனை நாளுக்குள் என்பார்கள். நடுவில் கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றவும் நேரிடும். ஒவ்வொரு கைமாற்றிலும் கீறலுக்கும் பெட்டி தொலைவதற்கும் வாய்ப்பு கூடும். எல்லாப் பெட்டியிலும் எண் எழுதிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பாடப்புத்தகம், மருந்து, முதல் வாரத்துக்கான துணிமணி எதையும் இதில் அனுப்பாதீர்கள்.

15. இன்ஷூரன்ஸுக்குத் தனியா ஒரு சதவீதம் போட்டிருக்காங்க. வேணாம்னு சொல்லிடலாமா?

முதலில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடைத்தால் நிறுவனமே ஏற்கும் பொறுப்பு ஒன்று. பொருளுக்கு இவ்வளவு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று அதற்கு எல்லை இருக்கும். கிலோக் கணக்கு என்றால் விலையுயர்ந்த, எடை குறைந்த டிவிக்குக் கிடைப்பது சொற்பம். காப்பீட்டு நிறுவனம் தரும் போக்குவரத்துப் பாலிசி வேறு. சதவீதம் வாங்குகிறார்கள் என்றால் எந்தக் காப்பீட்டு நிறுவனம், பாலிசிச் சான்று உங்கள் பெயரில் வருமா என்று கேளுங்கள். சான்று தரமுடியாது என்றால், வாங்கும் பணம் காப்பீடாக மாறுகிறது என்பதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை.

சதவீதத்தைக் குறைக்கச் சாமானின் மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உண்மை மதிப்பில் பாதியை மட்டும் அறிவித்தால், சேதத்திலும் பாதியை மட்டுமே தரும் விதி பல பாலிசிகளில் உண்டு. புதிது வாங்கும் விலையா, தேய்மானம் கழித்த விலையா என்றும் பாருங்கள். பணம், நகை, ஆவணங்கள் வழக்கமாகக் காப்பீட்டுக்குள் வராது. அவை உங்கள் கைப்பையில்தான் போக வேண்டும். வெளியே அடிபட்ட தடயம் இல்லாமல் மின்சாதனம் ஓடாமல் போனாலும் பல பாலிசிகள் தராது. அதனால் கிளம்புமுன் எல்லாவற்றையும் ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புகார் செய்ய நாள் கெடு இருக்கும், அதையும் கேட்டு வையுங்கள்.

16. அட்வான்ஸ் எவ்வளவு குடுக்கலாம்?

தேதியை உறுதி செய்யச் சிறு பங்கு, ஏற்றும்போது ஒரு பங்கு, இறக்கிய பின் மீதி என்பது இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு. முழுத் தொகையும் முன்கூட்டியே, அதுவும் தனிநபர் கணக்கில், ரசீது இல்லாமல் கேட்டால் விலகிவிடுங்கள். தேதி மாறினால் அட்வான்ஸ் செல்லுமா, எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் திரும்ப வரும் என்பதும் ரசீதிலேயே இருக்கட்டும்.

17. அன்னைக்குப் புது வீட்டுச் சாவி லேட்டாச்சுன்னா?

வண்டியும் ஆட்களும் காத்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. எத்தனை மணி நேரம் வரை இலவசம், அதன் பிறகு மணிக்கு எவ்வளவு என்பது கொட்டேஷனில் இருக்க வேண்டும். மாலைக்குள் சாவி வரவில்லை என்றால் சாமான் கிடங்குக்குப் போகும். கிடங்குக்கு இடத்தின் அளவுப்படி மாத வாடகை இருப்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே வைக்கவும் வெளியே எடுக்கவும் ஆள்கூலி, அங்கிருந்து மறுபடி வண்டி என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒருநாள் தாமதம் கிட்டத்தட்ட இரண்டாவது முறை வீடு மாற்றும் செலவாகிவிடலாம். முடிந்தால் சாவி கையில் வந்த மறுநாள் வண்டியைச் சொல்லுங்கள்.

18. வெளிநாட்டுக்கு அனுப்பறதுன்னா இதே கணக்குதானா?

அடித்தளம் 3-ல் சொன்ன அளவுக் கணக்குதான். 20 அடிக் கன்டெய்னர் உள்ளே சுமார் 33 கன மீட்டர், 40 அடி சுமார் 67. முழுக் கன்டெய்னர் நிரம்பாவிட்டால் பங்குக் கன்டெய்னரில் கன மீட்டருக்கு இவ்வளவு, அதற்கும் குறைந்தபட்ச அளவு இருக்கும். விமானத்தில் எடை, அளவு இரண்டையும் பார்த்து எது அதிகமோ அதற்கு வாங்குவார்கள். 1 கன மீட்டரை 167 கிலோவாகக் கொள்வது வழக்கம். தலையணையை விமானத்தில் அனுப்புவது வீண் என்று இதிலிருந்தே தெரியும்.

மலிவாகத் தெரியும் கொட்டேஷன் பெரும்பாலும் துறைமுகத்தோடு முடிந்துவிடும். அங்கே இறக்கும் கட்டணம், சுங்கச் சோதனை, ஆவண வேலை, நாள் கடந்தால் துறைமுக வாடகை, வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி எல்லாம் அந்தப் பக்கத்தில் காத்திருக்கும். 'வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை' என்று எழுதச் சொல்லி, சேராதவற்றைப் பட்டியலாகக் கேளுங்கள்.

19. பேரம் பேசலாமா? பேசினா வேலையில கை வெச்சுடுவாங்களோ?

பேசலாம். ஆனால் தொகையை மட்டும் வெட்டச் சொன்னால், அவர்கள் வெட்டுவது ஆளையோ பேக்கிங்கையோதான். நான்கு ஆள் மூன்றாகும், மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய பபிள் ராப் ஒரு சுற்றாகும். வேலையை மாற்றிப் பேசுங்கள்: "துணியும் புத்தகமும் நான் கட்டிடறேன்", "செவ்வாய் புதன் எதுவானாலும் சரி", "பழைய சோபாவை விட்டுட்டு வரேன்". இப்படிக் குறையும் தொகை யார் வயிற்றிலும் அடிக்காது. முடிந்த பிறகு ஆள் எண்ணிக்கையும் பேக்கிங் விவரமும் பழையபடி இருக்கின்றனவா என்று திருத்திய தாளில் சரிபாருங்கள்.

20. பேசினது ஒரு கம்பெனி, வந்தது வேற வண்டி, வேற ஆளுங்க. இது சரியா?

இடைத்தரகராக வேலை எடுத்து, வேறொருவருக்குக் கைமாற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். அதிலேயே தப்பில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்பது கேள்விக்குறியாகும்போதுதான் சிக்கல். பதிவு செய்யும்போதே "உங்க சொந்த வண்டி, சொந்த ஆளுங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏற்பவர் பெயரும் வண்டி எண்ணும் முதல் நாளே வர வேண்டும், பொறுப்பு உங்களிடம் பணம் வாங்கியவருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். வந்தவர்களிடம் உங்கள் சாமான் பட்டியல் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிரதியைக் காட்டி, அதற்குத்தான் விலை என்று ஏற்றத் தொடங்குமுன் உறுதி செய்யுங்கள்.

21. எல்லாத்தையும் ஏத்திட்டு, 'இன்னும் இவ்வளவு குடுத்தாத்தான் வண்டி எடுப்போம்'ங்கிறாங்க. என்ன பண்றது?

நிதானமாகக் காரணத்தைக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத சாமான் வந்திருக்கிறது, சொல்லாத மாடி இருக்கிறது என்றால் அது நியாயமான கேட்பு. அந்தப் பகுதிக்கு மட்டும், கொட்டேஷனில் உள்ள விகிதத்தில் கொடுங்கள். காரணமே இல்லாமல் கேட்டால், அலுவலகத்தை அழைத்துப் பேசி, கூடுதல் தொகையையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித்தர வேண்டும் என்றதுமே பாதிப் பேர் இறங்கி வருவார்கள். வண்டி எண்ணையும் ஏற்றிய சாமானையும் படமெடுத்து வையுங்கள். சாமானைப் பிணையாக வைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தால் காவல்துறையை அழைக்கத் தயங்காதீர்கள்.

வீடு காலி, குழந்தைகள் வண்டியில், வேறு வழியே இல்லை என்று கொடுக்க நேர்ந்தால், 'எதிர்ப்பு தெரிவித்துச் செலுத்தப்பட்டது' என்று ரசீதில் எழுதி, வங்கி வழியாகவே கொடுங்கள். பிறகு நுகர்வோர் புகாருக்கு அதுதான் ஆதாரம்.

22. இறக்கி முடிச்சதும் 'எல்லாம் நல்லபடியா வந்துச்சு'ன்னு கையெழுத்துக் கேக்குறாங்க. நாப்பது பெட்டியையும் பிரிச்சுப் பாத்துட்டாப் போட முடியும்?

முடியாது, அவர்களும் அதுவரை நிற்கமாட்டார்கள். இரண்டு விஷயம் செய்தால் போதும். பெட்டிகளின் எண்ணிக்கையைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெரிய பொருட்களையும், நசுங்கிய அல்லது நனைந்த பெட்டிகளையும் அவர்கள் இருக்கும்போதே பாருங்கள். கீறலோ குறைவோ கண்டால் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

மீதிக்கு, கையெழுத்தின் மேலே 'பெட்டிகள் எண்ணிப் பெறப்பட்டன, உள்ளிருப்பவை பார்க்கப்படவில்லை' என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். ஆட்சேபித்தால், பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது என்று தன்மையாகச் சொல்லுங்கள். தாளைப் படமெடுத்துக்கொண்டு, உடையக்கூடியவை உள்ள பெட்டிகளை அன்றிரவே பிரித்துவிடுங்கள். 15-ல் சொன்ன புகார்க் கெடு, பெரும்பாலும் சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.